மாசக் கடைசியில் கீழே போன பெல்லட்: ஒரு குட்டை பேரல் ஏர் ரைபிளின் கதை

அப்பாக்கள் நோட்டுப் போட்டு எழுதுவது பெரும்பாலும் பால் கணக்கு, சீட்டுக் கணக்கு. இவர் எழுதி வைத்திருந்தது மகளின் ஸ்கோர் கணக்கு. தேதி, பத்துப் பத்தாக ஆறு சீரிஸ், கூட்டுத்தொகை, ஓரத்தில் "தலைவலி", "லைட் சரியில்லை" என்று குறிப்புகள். அவள் ஸ்கோர் ஏன் சரிந்தது என்று தேடிய இந்த ஆய்வில் எங்களுக்குக் கிடைத்த மிக நல்ல கருவி அந்த நோட்டுதான். அதைத்தான் கடைசியாகத் திறந்து பார்த்தோம் என்பது வேறு விஷயம்.

சென்னையில் ஒரு மாடி ஹாலில் நடக்கும் சின்ன 10 மீட்டர் துப்பாக்கிச் சுடுதளம், அதாவது ரேஞ்ச், எங்களுடையது. எட்டு லேன். நான் பயிற்சியாளர் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரைபிள்களைத் துடைப்பது, சீல் மாற்றுவது, காற்று நிரப்புவது என் பொறுப்பு. வெர்னியரும் டயல் கேஜும் கையில் இருந்தால் எனக்குப் பொழுது போய்விடும்.

நோட்டுக்காரரின் மகளுக்கு 14 வயது. ரேஞ்சுக்குச் சொந்தமான பெரிய ரைபிளில் ஒன்றரை வருடம் பழகியிருந்தாள். 60 ஷாட்டுக்கு 604 முதல் 609 வரை வரும். ஒரு ஷாட்டுக்கு 10.9 வரை கிடைக்கும் தசமக் கணக்கில் உச்சம் 654. அவள் வயதுக்கு இது நல்ல ஸ்கோர். பெரிய ரைபிள் தோளுக்குக் கனமாக இருக்கிறது என்று, அப்பா கையிருப்பைத் திரட்டி ஜூனியர் ரைபிள் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினார். எடை மூன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், சின்ன காற்று சிலிண்டர். பேரலும், அதாவது குழலும், குட்டை. பெரியதில் 42 செ.மீ., இதில் 30 செ.மீ. தான். ஆனால் வெளியே பார்த்தால் தெரியாது. பேரலுக்கு மேல் ஒரு அலுமினியக் குழாயை மாட்டி முன்னால் நீட்டி, அதன் நுனியில் குறி பார்க்கும் முன்பார்வையை (ஃபோர்சைட்) வைத்திருப்பார்கள். ஸ்லீவ் என்போம். முன்பார்வைக்கும் பின்பார்வைக்கும் இடையே தூரம் குறையக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

இரண்டே மாதத்தில் ஸ்கோர் 590 பக்கம் வந்து நின்றது.

மாஸ்டர் சொன்னது: "பாப்பா கடைசி இருபது ஷாட்ல சோர்ந்து போயிடுது. எக்சர்சைஸ் பத்தலை." அப்பா சொன்னது: "இல்ல சார், பேரல் குட்டை. வேகம் வரலை." இதை அவர் எங்கிருந்து பிடித்தார் என்று கேட்டேன். அமெரிக்காவில் வேட்டைக்குப் போகிறவர்களின் வீடியோக்களை ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

வேட்டைக்காரர் கணக்கும் நம் கணக்கும்

அந்த வீடியோக்கள் பொய் சொல்லவில்லை. அங்கே பலர் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். சுட்ட தோட்டாவின் வெற்று உறையை எடுத்துச் சுத்தம் செய்து, மருந்தைத் தராசில் நிறுத்துப் போட்டு, விருப்பமான குண்டை வைத்து அழுத்துகிறார்கள். ஒவ்வொரு ஷாட்டும் ஒரே வேகத்தில் போக வேண்டும் என்பது அவர்களின் தவம். அதே தோட்டாவைக் குட்டை பேரலில் போட்டால் வேகம் குறையும் என்பதும் உண்மைதான். .308 வின்செஸ்டர் மாதிரி ஒரு தோட்டாவில் பேரலை ஒரு அங்குலம் வெட்டினால் வினாடிக்குச் சுமார் 6 முதல் 8 மீட்டர் வரை வேகம் குறையும். 24 அங்குலத்தை 18 ஆக்கினால் 40, 45 மீட்டர் போய்விடும். மருந்து எரிந்து கிளம்பும் வாயு குண்டைத் தள்ளுவதற்கு ஓடுபாதை போதவில்லை. மிச்ச வாயு வாய்க்கு வெளியே நெருப்பாகவும் சத்தமாகவும் வீணாகிறது.

ஆனால் வேகம் குறைந்தால் குறி தவறும் என்று அவர்களில் விவரம் தெரிந்தவர்கள் சொல்வதில்லை. குட்டை பேரல் அதே தடிமனில் இருந்தால் விறைப்பு கூடும், அதிர்வில் வளைவது குறையும். பல சமயம் குரூப், அதாவது துளைகள் சேர்ந்து விழும் கூட்டம், இன்னும் நன்றாகவே வரும். அவர்களுக்கு வேகம் தேவைப்படுவது தூரத்தில் குண்டு எவ்வளவு தாழும் என்பதற்காக. இன்னொன்று, விலங்கின் உடலில் குண்டு விரிந்து வேலை செய்ய ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். நாம் சுடுவது காகிதத்தை. இங்கே வனவிலங்குச் சட்டப்படி வேட்டைக்குத் தடை. காகிதம் விரிந்தால் என்ன, விரியாவிட்டால் என்ன?

தீயில்லாத துப்பாக்கியில் கணக்கே வேறு. காற்றின் அழுத்தத்தை ரெகுலேட்டர் முடிவு செய்கிறது. வால்வு எவ்வளவு திறக்கிறது என்பதைச் சுத்தியலின் ஸ்பிரிங் முடிவு செய்கிறது. பேரல் குட்டையாக இருந்தால் அதே வேகத்துக்குக் கொஞ்சம் அதிகக் காற்றை விட வேண்டும், அவ்வளவுதான். தயாரிப்பாளர் அப்படித்தான் செட் செய்து அனுப்புவார். ஜெர்மனியில் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள 7.5 ஜூல் வரைதான் அனுமதி என்பதால், அங்கிருந்து வரும் மேட்ச் ரைபிள்கள் பெரும்பாலும் அந்த அளவை ஒட்டியே இருக்கும். 0.53 கிராம் பெல்லட்டுக்கு, அதாவது ஏர் ரைபிளின் சின்ன ஈயக் குண்டுக்கு, அது வினாடிக்கு 168 மீட்டர்.

"அதிகக் காற்று" என்று போகிற போக்கில் எழுதினேன். வழக்கு அங்கேதான் ஒளிந்திருந்தது. அன்றைக்கு எனக்கும் தெரியவில்லை.

முதல் அளவு, முதல் அசடு

மறுவாரம் குரோனோகிராஃப் வாங்கி வந்தோம். இரண்டு ஒளிக்கண்கள், நடுவில் தெரிந்த தூரம், பெல்லட் கடக்கும் நேரத்தை வைத்து வேகம். எளிமையான கருவிதான். முதல் 20 ஷாட்டைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மலர்ந்தது. 181, 174, 192, ஒரு இடத்தில் 231. "பாத்தீங்களா சார், ஏறி ஏறி இறங்குது!"

231 என்பது அந்த ரைபிளால் முடியவே முடியாத காரியம். தரக் கட்டுப்பாட்டில் முப்பது வருடம் இருந்தவனுக்கு, அளவு விநோதமாக இருந்தால் பொருளைச் சந்தேகிப்பதற்கு முன் அளவுகோலைச் சந்தேகிக்கும் புத்தி வர வேண்டும். எனக்கு வர அரைமணி நேரம் ஆனது. மேலே பார்த்தேன். வரிசையாக எல்இடி டியூப்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான டியூப் வினாடிக்கு 100 முறை மினுக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, ஒளிக்கண்ணுக்குத் தெரியும். லைட்டை எல்லாம் அணைத்து, பேட்டரி டார்ச் இரண்டைக் கட்டித் தொங்கவிட்டு மறுபடி சுட்டோம். சராசரி 178, திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி ஷாட்டுகளின் வேகம் சிதறும் அளவு) 1.3. மேட்ச் ரைபிளுக்கு அது ஒழுங்கான எண்.

ஆனால் 168 இருக்க வேண்டிய இடத்தில் 178 ஏன்?

அப்பா கொஞ்ச நேரம் பெல்லட் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார். "நான்தான் சார் அந்த வேக ஸ்க்ரூவைக் கால் சுத்து ஏத்தினேன். வேகம் வரட்டும்னு."

சரி, நடந்தது நடந்துவிட்டது. 178க்கு 8.4 ஜூல். நம் சட்டப்படி 20 ஜூலுக்கும் 4.5 மி.மீ. துளைக்கும் உட்பட்டதுதான், அந்தப் பக்கம் சிக்கல் இல்லை. ஸ்க்ரூவை நான் உடனே திருப்பவில்லை. கெட்டுப்போன நிலையிலேயே பார்த்தால்தான் எது கெட்டது என்று தெரியும்.

வைஸில் குட்டை பேரல்

மனிதரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று பார்க்க, புதுப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் ரைபிளைப் பிடிக்கும் வைஸ் ஒன்று செய்து வாங்கினேன். கனமான இரும்பு அடித்தளம், தாடைகளில் தோல். ஒரே டப்பா பெல்லட். பெரிய ரைபிளில் பத்துப் பத்து ஷாட்டாக நான்கு குரூப், குட்டையில் நான்கு. துளைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்தேன். பெரியது சராசரி 5.8 மி.மீ., குட்டை 5.6. இந்த 0.2ஐப் பார்த்துவிட்டு "குட்டை பேரல்தான் துல்லியம்" என்று மாஸ்டர் கிளம்பிவிட்டார். நான்கு குரூப்பில் 0.2 மி.மீ. வித்தியாசத்துக்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது. இரண்டும் ஒன்று என்றுதான் எழுத வேண்டும். பெல்லட்டின் விட்டமே 4.5 மி.மீ. என்பதால் 5.6 என்றால் மையங்கள் 1.1 மி.மீ.க்குள் அடங்கிவிட்டன என்று பொருள்.

பெல்லட்டையும் விட்டுவைக்கவில்லை. நகைக்கடைத் தராசு ஒன்றைக் கடன் வாங்கி ஐம்பதை நிறுத்துப் பார்த்தேன். எடை ஒரு சதவீதம் கூடினால் வேகம் அரைச் சதவீதம் குறையும். 10 மீட்டரில் அது 0.17 மி.மீ. மயிரிழைக்குக் கொஞ்சம் மேல். விட்டுவிடலாம்.

இப்போது மாஸ்டரின் பக்கம் காற்றடித்தது. ரைபிள் சரி, பெல்லட் சரி, அப்போ பிள்ளைதான். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. ரைபிளைப் பெட்டியில் வைத்து மூடினாள். எனக்கு அது உறுத்தியது. ரேஞ்சில் இருக்கும் காலேஜ் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, இதுல ஒரு அறுபது போடு" என்றேன். 620க்கு மேல் போடுகிறவன். அவனுக்கு 601. "அண்ணா, நடுவுல இடது பக்கமா ஓடுது, கடைசியில கீழ இறங்குது. நான் ஒண்ணும் பண்ணலை" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு நோய் இருந்தது.

கீழே போவதும் பக்கத்தில் போவதும்

டார்கெட் அட்டையை முதல் நாளே நான் இப்படிப் பார்த்திருக்க வேண்டும். வேகம் மாறினால் பெல்லட் மேலே போகும் அல்லது கீழே போகும். இடது, வலது போகாது. 10 மீட்டரைக் கடக்க 168 மீட்டர் வேகத்தில் 0.06 வினாடி ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பு பெல்லட்டைச் சுமார் 17 மி.மீ. கீழே இழுத்துவிடும். சைட்டைச் செட் செய்யும்போதே அதற்கு ஈடுகட்டிவிடுகிறோம். வேகம் 5 மீட்டர் குறைந்தால் கூடுதலாக ஒரு மி.மீ. கீழே. ஒரு மி.மீ. தானே என்று தோன்றும். தசமக் கணக்கில் 0.25 மி.மீ.க்கு ஒரு படி, ஆக நாலு படி. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா கடைசி ஷாட்டில் போட்ட 10.8 என்பது மையத்திலிருந்து அரை மி.மீ.க்குள். அந்த உலகத்தில் ஒரு மி.மீ. பெரிய தூரம்.

எங்களுடைய திட்ட விலக்கம் 1.3 மீட்டர். அதனால் வரக்கூடிய சிதறல் கால் மி.மீ. கடைசி இருபது ஷாட் மூன்று மி.மீ. கீழே போவதற்கு அது காரணமாக இருக்க முடியாது. ஆனால் நாங்கள் அளந்தது எந்த இருபது ஷாட்டை? சிலிண்டர் நிரம்பியிருந்த முதல் இருபதை.

அன்று சாயங்காலம்தான் அப்பாவின் நோட்டைக் கேட்டு வாங்கினேன். மோசமான நாட்களைப் பென்சிலால் வட்டம் போட்டேன். 24, 26, 27, 29. அடுத்த மாதம் 22, 25, 28. மாத ஆரம்பத்தில் ஒரு வட்டம்கூட இல்லை. மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், சம்பளக்காரன் பர்ஸ் மாதிரி இருக்கு" என்றார். அவர் கேலியாகத்தான் சொன்னார். ஆனால் விடை அதுவேதான்.

எங்கள் பெரிய காற்று டேங்க்கை ஈசிஆர் பக்கம் டைவிங் பழக்குகிறவர்களிடம் மாதம் ஒரு முறை, முதல் வாரத்தில், நிரப்பி வருவோம். சென்னையின் ஈரக் காற்றைக் கைப்பம்பில் அடித்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் சேரும், அதனால் உலர்த்திய காற்றுதான் வேண்டும். டேங்க்கிலிருந்து ரைபிளுக்கு விடும்போது இரண்டின் அழுத்தமும் சமமாகும் வரைதான் ஏறும். மாதத் தொடக்கத்தில் ரைபிள் 200 பார் (காற்றழுத்த அலகு) வரை ஏறும். பிள்ளைகள் எல்லாம் நிரப்பி நிரப்பி, மாதக் கடைசியில் டேங்க்கே 130க்கு வந்திருக்கும். அப்போது நிரப்பினால் ரைபிளிலும் 130தான்.

இந்த ரைபிளின் ரெகுலேட்டர் 70 பாரில் வேலை செய்கிறது. சிலிண்டர் அதற்கு மேலே இருக்கும்வரை வேகம் நூல் பிடித்த மாதிரி இருக்கும். அதற்குக் கீழே இறங்கினால் ரெகுலேட்டருக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஷாட்டுக்கு ஷாட் வேகம் வடியும். அப்பா ஸ்க்ரூவை ஏற்றிய நிலையில் ஒரு ஷாட்டுக்கு ஏறக்குறைய ஒரு பார் செலவானது. 130லிருந்து 70க்கு அறுபது ஷாட். மேட்சுக்கு முன் போடும் பயிற்சி ஷாட் இருபதைக் கழித்தால் மேட்ச் ஷாட் நாற்பது. ஐந்தாம் சீரிஸிலிருந்து பெல்லட் கீழே. நோட்டிலும் ஐந்தாம் சீரிஸில்தான் சரிவு தொடங்கியிருந்தது. ஸ்க்ரூ தொடப்படாத முதல் மாதத்தில் ஆறாவது சீரிஸின் பாதிக்கு மேல்தான் தொடங்கியிருக்கிறது. வேகம் வேண்டும் என்று அவர் செய்த வைத்தியம், வேகத்தை இன்னும் சீக்கிரமாகத் தீர்த்திருக்கிறது.

உறுதி செய்ய 130 பாரில் நிரப்பி, டார்ச் வெளிச்சத்தில் 80 ஷாட்டையும் குரோனோகிராஃப் வழியாக விட்டோம். அறுபது வரை 178. அப்புறம் 177, 175, 172... எண்பதாவது 162. கணக்குப்படி 3.2 மி.மீ. கீழே. நட்ட நடுவில் விழ வேண்டியது 9.7 ஆகும். பெரிய ரைபிளில் சிலிண்டர் பெரிது, பேரலும் நீளம் என்பதால் செலவு குறைவு. அதில் இந்தக் குறை எங்கள் கண்ணில் பட்டதே இல்லை.

அப்போதுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். "அங்கிள், கீழ போகுதுன்னு நான் சைட்டை ஏத்திப்பேன். மறுநாள் முதல் ஷாட் எல்லாம் மேல போகும். மாஸ்டர் திட்டுவார்." மாஸ்டர் டேங்க்கின் கேஜைத் துடைக்க ஆரம்பித்தார்.

வைஸுக்குக் கண் கிடையாது

பக்கவாட்டு ஓட்டம் மிச்சம். வைஸில் பக்கவாட்டே இல்லை, தோளில் வைத்தால் இருக்கிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பலரும் உடனே சுடுகிறவரின் கையைச் சொல்வார்கள். நானும் இரண்டு நாள் அதையே யோசித்தேன். வைஸ் சைட் வழியாகப் பார்ப்பதில்லை என்பது மூன்றாம் நாள் காலை காபி குடிக்கும்போது உறைத்தது. வைஸ் சோதிப்பது பேரலையும் பெல்லட்டையும். சைட் கழன்று கீழே விழுந்தாலும் அதன் குரூப் மாறாது.

டயல் கேஜின் முனையை ஸ்லீவின் நுனியில் வைத்து, கட்டைவிரலால் லேசாகத் தள்ளினேன். முள் 0.3 மி.மீ. போயிற்று. விரலை எடுத்தேன், திரும்பி வரவில்லை. மறுபக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. ஸ்லீவைப் பேரலோடு பிடிக்கும் தலையில்லாத சின்ன கிரப் ஸ்க்ரூக்களில் ஒன்று தளர்ந்திருந்தது. இந்த ரைபிளில் இரண்டு சைட்டுக்கும் இடையே 75 செ.மீ. அதில் முனை 0.3 மி.மீ. நகர்ந்தால் 10 மீட்டரில் 4 மி.மீ. நகரும். ரைபிளை ஸ்டாண்டில் சாய்த்து வைக்கும்போது ஸ்லீவின் நுனிதான் ஸ்டாண்டில் தட்டுகிறது. சீரிஸ் நடுவில் ஓய்வெடுத்துவிட்டு எடுத்தால் குரூப் இடம் மாறியிருப்பதன் காரணம் அதுதான்.

பழைய அட்டைகளைத் தேடி எடுத்தோம். ஒரே குரூப் சிதறியது போலத் தெரிந்தவை உண்மையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நல்ல குரூப்கள். ஒவ்வொன்றும் அழகாக இறுகியிருந்தது.

குட்டை பேரலின் மீது சாட்டிய குற்றம் என்ன ஆயிற்று என்று அப்பா கேட்டார். பாதி விடுதலை என்றேன். துல்லியத்தில் அதற்குப் பங்கில்லை. ஆனால் அது குட்டை என்பதால்தான் காற்று அதிகம் தின்கிறது, குட்டை என்பதால்தான் ஸ்லீவ் என்ற உபரிச் சாமானே வந்தது.

செய்த வேலை சொற்பம். வேக ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து 168ல் நிறுத்தினேன். கிரப் ஸ்க்ரூக்களைக் கழற்றித் துடைத்து, ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் லாக்டைட் பசை ஒரு துளி விட்டு முடுக்கினேன். ஸ்லீவும் பேரலும் சேரும் இடத்தில் குறுக்காக ஒரு கோடு வேண்டும், நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும் என்றேன். பெயின்ட் தேடிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் பையிலிருந்து நெயில் பாலிஷை எடுத்து நீட்டினாள். சிவப்பு. இன்றுவரை உடையவில்லை.

150 பாருக்குக் கீழே இருந்தால் அறுபது ஷாட் ஆரம்பிக்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டினோம். டேங்க் நிரப்புவதை மாதம் இரண்டு தடவை ஆக்கினோம், 5ஆம் தேதியும் 20ஆம் தேதியும். செலவு கூடுகிறது என்று இரண்டு பெற்றோர் முணுமுணுத்தார்கள். அப்பாவின் நோட்டில் அந்த மாதம் 24ஆம் தேதி 603, 27ஆம் தேதி 606, 29ஆம் தேதி 605. ஒரு பத்தி கூடியிருக்கிறது. தலைப்பு "பார்". சுடும் முன் எவ்வளவு, சுட்ட பின் எவ்வளவு என்று அதை அவள்தான் எழுதுகிறாள்.